சாம்பல் இல்லாத மண்ணுக்குச் சாம்பல் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், இலங்கையின் தேயிலை மண்ணும் கனடாவின் பைன் காட்டு மணலும் ஒரே பொட்சோல் (சாம்பல் நிற அடுக்குக்குப் பெயர்போன மண்) குடும்பம் என்று ஒரு வரி. தேயிலை மண்ணின் பெயரான 'செம்மஞ்சள் பொட்சோலிக்'கில் 'பொட்சோலிக்' இருக்கிறதே, போதாதா! அப்படியென்றால் கடலை கடலில் விளைகிறது என்றும் எழுதலாம்.

அது அமெரிக்கர் 1949இல் புழங்கிய பெயர். 1961இல் மண்ணியலாளர் மூர்மனும் பானபொக்கவும் தந்த இலங்கை மண் பட்டியலிலும் அது ஏறியது. அமெரிக்கர் அதைக் கைவிட்டு, அந்த மண்ணில் பெரும்பகுதியை அல்டிசோல் என்ற வேறு வகையில் சேர்த்துப் பல காலம். நாங்கள்தான் இன்னும் விடவில்லை. அந்தத் தேயிலை மண்ணில் மழையோடு கீழிறங்குவது களிமண். அசல் பொட்சோலிலோ சருகின் அமிலம் இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்து இறக்குகிறது.

ஆறு வருடம் மலையகத்தில் அட்டைக்கடியோடு மண் ஆய்வுக் குழி வெட்டியவன் நான். ஒரு குழியிலும் சாம்பல் அடுக்கைக் காணவில்லை. அதைக் கண்டது இங்கே, கனடாவின் அல்கொன்கின் பூங்காவில், வேரோடு சாய்ந்த ஒரு பைன் மரத்தடியில். மேலே கறுத்த சருகு, அடியில் நாலு விரல் மொத்தத்துக்கு வெளிறிய மணல், அதற்கும் கீழே கோப்பி மண்டி நிறத்தில் ஓர் அடுக்கு. "ஆரோ அடுப்பு எரிச்சிருக்கினம் அப்பா" என்றான் மகன். ரஷ்யச் சொல்லும் அதுதான்: 'பொட்' அடியில், 'சோலா' சாம்பல்.

சரி, அந்த மணலுக்காவது ஒரே கணக்கா? அமெரிக்கர் கிரேக்கச் சாம்பலை எடுத்து ஸ்பொடோசோல் என்று பெயர் வைத்துவிட்டு, முக்கியமாகப் பார்ப்பது அடியில் படிந்த அடுக்கை. கனடாக்காரரும் அப்படியே, அந்த அடுக்கில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து 0.6 சதவீதம் கேட்பவர்கள், மணல் என்றால் 0.4 போதும் என்று இரங்குகிறார்கள். ஜெர்மானியருக்கு வெளிறிய அடுக்கும் கட்டாயம். ரஷ்யரோ களி இறங்கி வெளிறிய இருவாட்டி மண்ணையும் பொட்சோலிக் என்பார்கள். அதில் பெரும்பகுதி உலக வகைப்பாட்டில் ரெட்டிசோல் என்ற வேறு வகை. இதில் எந்தக் கணக்கில் உங்கள் வரி தேறும்? நீங்கள் அறியாததா!

போன வருடம் வன்னிச் செம்மண் படத்தின் கீழ் 'களர்நிலம்' என்று போட்டீர்கள். இரண்டு பக்கம் எழுதினேன். 'இதழ் நன்று' என்று சுருக்கி, என் பெயரையும் பிழையாகப் போட்டீர்கள். தொலைபேசியில் கேட்டபோது, "மண்தானே ஐயா, விளங்கினால் சரி" என்றது ஒரு குரல்.

அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம் போதும். ராசிபலனுக்குக் கீழே என்றாலும் சம்மதம்.

பழைய சந்தாதாரர்,
ஸ்காபரோ