மலைக்கு வந்த 11 டேப்லெட்டுகள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இந்த மாதக் கடைசியில் மாறுதலாகிக் கீழே இறங்குகிறேன். ஜவ்வாது மலையில் ஆசிரியையாக ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. மேசையைக் காலி செய்தபோது நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று கைக்கு வந்தது. எந்த டேப்லெட் எந்த வீட்டில் இருக்கிறது, யார் ரீசார்ஜ் செய்தார்கள், எப்போது பழுதானது என்று 2020 முதல் எழுதி வந்த நோட்டு அது. அதில் உள்ளவர்களுக்கு நான் முறையாக நன்றி சொன்னதே இல்லை. கிளம்பும் முன் சொல்லிவிட வேண்டும். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் பெயர்களை எழுதவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. அரசு கேபிளில் அதற்கு 200ஆம் எண். எங்கள் ஊருக்குக் கேபிளே வரவில்லை. மூத்த பிள்ளைக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இருந்த ஓரிரு வீடுகள் சமாளித்தன. மற்ற வீடுகளில் ஒரே ஒரு போன்தான். பஸ் ஓடத் தொடங்கியதும் அதுவும் அப்பாவின் சட்டைப் பையில் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டது. என் வகுப்பில் 34 பிள்ளைகள். ஸ்மார்ட்போனைத் தொட முடிந்தவர்கள் 6 பேர்.

முதல் நன்றி, எங்களிடம் படித்து இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பிக்கு. வீட்டில் சும்மா கிடக்கும் டேப்லெட்டுகளைக் கேட்டு வாங்கி அனுப்பியவர் அவர். வெறுமனே கேட்கவில்லை, சார்ஜரோடு கொடுங்கள், பேட்டரி உப்பியிருந்தால் வேண்டாம், அதிலுள்ள உங்கள் கூகுள் கணக்கை நீக்கிவிட்டுக் கொடுங்கள் என்று விவரமாகக் கேட்டார். அப்படியும் வந்த 17இல் தேறியவை 11தான்.

அந்தக் கணக்கு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய உரிமையாளரின் கணக்கை நீக்காமல் டேப்லெட்டை அழித்துத் துவக்கினால், அது அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு. தானமாக வந்த பொருளிலும் அதே பூட்டுதான். மூன்று டேப்லெட்டுகள் அப்படி வந்தன. ஒன்றைக் கொடுத்தவர் சென்னையில் இருக்கும், அஞ்சல் துறையில் ஓய்வுபெற்ற பெரியவர். கடவுச்சொல் அவருக்கு மறந்துபோயிருந்தது. விட்டுவிடுங்கள் ஐயா என்றேன். அவர் விடவில்லை. இரண்டு நாள் சாயங்காலம் போனில் என்னோடு உட்கார்ந்தார். பழைய டைரியைப் புரட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஓடிபி போன இடம் வேறு ஊரில் இருக்கும் மகளின் எண் என்று தெரிந்தது. மகள் அப்பாவுக்குச் சொல்ல, அப்பா எனக்குச் சொல்ல, பூட்டு திறந்தது. "திறந்துவிட்டதா அம்மா?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஐயா, அந்த டேப்லெட் நோட்டில் எண் 7. அதில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் அடுத்தடுத்துப் படித்தார்கள்.

போளூரில் செல்போன் பழுது பார்க்கும் அண்ணனுக்கு என்ன சொல்வது? டேப்லெட்டுகளில் முதலில் கெடுவது சார்ஜர் செருகும் துளைதான். பிள்ளைகள் வயரைச் செருகியபடியே படிப்பார்கள், இழுபட்டுத் தளர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் உதிரிப் பாகத்தின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். கூலி என்று ஒரு ரூபாய் வாங்கியதில்லை. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கியபடி அவர் ஈயம் வைத்துப் பற்றவைப்பதை நின்று பார்த்திருக்கிறேன். "போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, டீச்சர்" என்று அவர் சொன்னால் எனக்கு உயிர் வந்துவிடும்.

ஆனால் கருவி கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. உண்மையான பாரம் அதன் பிறகுதான் தெரிந்தது. நூறு நாள் வேலையில் அப்போது ஒரு நாள் கூலி 256 ரூபாய். 28 நாள் ரீசார்ஜ் 199 ரூபாய். மாதம் என்று சொல்கிறோம், 28 நாள் கணக்கில் ஆண்டுக்கு 13 முறை கட்ட வேண்டும். கருவியைத் தானம் செய்கிறவர்கள் பலர் உண்டு, இந்தப் பதின்மூன்றை நினைப்பவர்கள் குறைவு. நினைத்தவர்கள் எங்கள் பள்ளியின் இரண்டு ஆசிரியைகள். பதினான்கு மாதங்கள் சம்பளத்திலிருந்து நான்கு வீடுகளுக்கு மாறி மாறிக் கட்டினார்கள். நோட்டில் எழுத வேண்டாம் என்றார்கள், எழுதித்தான் வைத்தேன்.

மற்ற வீடுகளுக்கு வழிகாட்டியவர் போளூரில் இணைய மையம் நடத்தும் சகோதரி. கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள் யூடியூபில் கிடைத்தன. வெள்ளிக்கிழமை இரவுகளில் அவற்றைத் தரவிறக்கி, வகுப்புவாரியாக, நாள்வாரியாகப் பெயரிட்டு மெமரி கார்டில் ஏற்றித் தருவார். சிக்னலும் தேவையில்லை, ரீசார்ஜும் தேவையில்லை. மலைக்கு ஏற்ற இணையம் அதுதான் என்று நான் இன்றும் நம்புகிறேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் கார்டுகள் ஏறும். நடத்துநர் அவற்றை மாத்திரை உறையில் போட்டு, டிக்கெட் கட்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு மாட்டிக் கொண்டு வந்து தருவார். ஒரு கார்டுகூடத் தொலைந்ததில்லை.

கேள்வி கேட்க, விண்ணப்பிக்க நேரடி இணையம் வேண்டுமே. அரசு கலைக் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் 2020இல் இணையத்துக்கு மாறியது. ஊருக்கு மேலே உள்ள பாறையில் மட்டும்தான் சிக்னல் நின்றது. பாறைக்குப் போகும் வழி ஒரு பெரியவரின் சாமைக் கொல்லை. கதிர் பிடிக்கிற நேரத்தில் பிள்ளைகள் மிதிக்கிறார்களே என்று பயந்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கொல்லையின் ஓரமாக இரண்டு முழ அகலத்துக்கு வழி விட்டுக் கொடுத்தார். மறுவாரம் போனால் பாறை மேல் மூங்கில் நட்டுத் தழைப் பந்தலும் போட்டிருந்தார். அந்தப் பந்தலின் கீழ் உட்கார்ந்து விண்ணப்பித்த பெண், அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள்.

தாய்மார்களே, உங்களையும் மறக்கவில்லை. எழுத்து தெரியாவிட்டாலும் டேப்லெட்டைப் பழைய புடவைத் துணியில் சுற்றி, அரிசிப் பானைக்கு மேல் எலி எட்டாத உயரத்தில் வைத்துக் காத்தீர்கள். பிள்ளை படித்து முடித்ததும் அடுத்த வீட்டுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்.

இப்போது ஏழு டேப்லெட்டுகள் ஓடுகின்றன. நோட்டையும் அவற்றையும், அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த எங்கள் ஊர்ப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டேன். எண் 4இல் சார்ஜர் செருகும் துளை மறுபடியும் தளர்ந்திருக்கிறது. போளூர் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சரி செய்து சனிக்கிழமை பஸ்ஸில் அனுப்புவார்.

நன்றியுடன்,
உங்கள் டீச்சர்,
ஜவ்வாது மலை