பவர் கேபிளில் அம்புக்குறி அச்சிடும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

ஹை-ஃபை ஆம்ப்ளிஃபயர்களுக்கான பவர் கேபிள்களைத் தயாரிக்கும் உங்களில் சிலர், உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்கு ஒரு திசை உண்டென்றும், அந்தத் திசையைப் பார்த்தே கேபிளின் முனைகளில் பிளக்குகளைப் பொருத்தி முடித்திருப்பதாகவும், அதனால் இசையின் பின்னணி அமைதியடைகிறதென்றும் விளம்பரம் செய்கிறீர்கள். அமெரிக்காவின் ஆடியோக்வெஸ்ட் நிறுவனம் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. துளையுள்ள அச்சின் வழியே இழுத்து நீட்டிய எந்த உலோகக் கம்பியின் படிக அமைப்பும் சமச்சீராக இராது என்பதும், ஆகவே ரேடியோ அதிர்வெண் இரைச்சலுக்கு அது காட்டும் மின்மறிப்பு, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கான தடை, திசைக்கேற்ப மாறும் என்பதும் அந்நிறுவனத்தின் வாதம். இந்த வாதத்தைப் பற்றியும், அதை நிறுவும் பொறுப்பு ஏன் உங்களை மட்டுமே சேர்கிறது என்பதைப் பற்றியும் எழுதவே இம்மடல்.

பவர் கேபிளின் ஒரு முனையில் சுவர் சாக்கெட்டுக்கான பிளக் இருக்கிறது. மறுமுனையில், பெரும்பாலும், ஐஇசி 60320 தரத்தின்படி அமைந்த சி13 இணைப்பான் இருக்கிறது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் செருக முடியாது. ஸ்பீக்கர் கேபிளையோ, சாதனங்களுக்கிடையே ஒலிச் சமிக்ஞையைக் கடத்தும் ஆர்சிஏ கேபிளையோ வாங்கியவர், அம்புக்குறியில் ஐயம் வந்தால் கழற்றித் திருப்பி மாட்டிக் கேட்டுப் பார்க்கலாம். பவர் கேபிளை வாங்கியவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஒரே சுருளிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் முடித்து, இரண்டையும் ஒப்பிட்டால்தான் திசையைப் பற்றி எதுவும் சொல்ல முடியும். அத்தகைய இணையைச் செய்யும் வசதி உங்கள் பட்டறையில் இருக்கிறது, வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. வாங்கியவர் சோதிக்கவே முடியாத ஒரு தன்மையை விலைக்கு விற்கும்போது, விற்பவரே சோதித்து முடிவை வெளியிட வேண்டும் என்று கேட்பதில் மிகையேதும் இல்லை.

முதலில் மின்னோட்டத்தைப் பார்ப்போம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60. 50 ஹெர்ட்ஸ் என்றால் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது, எலக்ட்ரான்களின் சராசரி ஊசலாட்டம் இக்கோடியிலிருந்து அக்கோடிவரை அளந்தாலும் அரை மைக்ரானைத் தாண்டுவதில்லை. சுவரிலிருந்து புறப்பட்டு ஆம்ப்ளிஃபயரை நோக்கிப் பயணம் செய்யும் எலக்ட்ரான் என்று அங்கே எதுவும் இல்லை. மேலும், கேபிளுக்குள் ஃபேஸ், நியூட்ரல் என்று இரு கம்பிகள் இருக்கின்றன. ஒன்றில் மின்னோட்டம் போகும் கணத்தில் மற்றதில் அது திரும்பி வருகிறது. இரண்டையும் ஒரே திசையில் அடுக்கினால், எந்தக் கணத்திலும் ஒன்று படிகத்தின் போக்கிலும் மற்றது அதற்கு எதிராகவும் வேலை செய்தாக வேண்டும். நியூட்ரலைத் திருப்பி வைப்பதுதான் சரியா, வைக்காததுதான் சரியா, எதனால் என்பதை உங்களில் பலரது விளக்கக் கையேடுகளில் தேடுபவர் ஏமாற்றமே அடைவார்.

உங்களில் விவரம் அறிந்தவர்கள், தாங்கள் பேசுவது 50 ஹெர்ட்ஸைப் பற்றி அல்ல, அதன்மேல் ஏறிவரும் உயர் அதிர்வெண் இரைச்சலைப் பற்றித்தான் என்று பதில் சொல்வீர்கள். இது மதிக்கத்தக்க பதில். செல்பேசி சார்ஜர்களும் எல்இடி விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் மின்கம்பியில் இரைச்சலைக் கொட்டுவது உண்மை; அது ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையாமல் தடுப்பது நல்ல வேலை. ஆனால் அந்த வேலையைக் கம்பியின் திசை செய்கிறது என்பதற்குக் காரணம் வேண்டும். சுமார் 8 மில்லிமீட்டர் தடிமனான செம்புத் தண்டு அச்சு அச்சாக இழுபட்டு மெலிந்து கம்பியாகும்போது, அதன் படிகங்கள் நீண்டு உலோகம் விறைத்துப்போவது உண்மைதான். வளைக்கத்தக்க மெல்லிழைக் கேபிளுக்காக அதைப் பிறகு சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள்; அந்தச் சூட்டில் நீண்ட படிகங்கள் அழிந்து புதியவை உருவாகின்றன. இழுத்த தடம் கொஞ்சம் எஞ்சுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நேர்கோட்டியல்பும் (உள்ளீட்டின் விகிதத்திலேயே வெளியீடும் மாறுவது) செயலற்ற தன்மையும் (தானாக ஆற்றல் எதையும் சேர்க்காதது) கொண்ட ஒரு கம்பி இணை, சமமான சூழலில், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடத்தும் அளவையே எதிர்ப்பக்கமும் கடத்தும். 1896இல் டச்சு இயற்பியலாளர் ஹென்ட்ரிக் லாரன்ஸ் மின்காந்தப் புலங்களுக்கு நிறுவிய பரிமாற்றத் தேற்றத்தின் வழி வருவது இது. ஒரு கம்பியின் இரு முனைகளும் வெவ்வேறாக அமைந்திருந்தால், முனைகளில் தெரியும் மின்மறிப்பு வேறுபடக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சுருள் முழுதும் ஒரே தடிமனில் ஓடும் கம்பிக்கு அப்படியொரு வேறுபாடு எங்கிருந்து வரும்? வருகிறது என்றால் சமிக்ஞை இரு திசையிலும் எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் வெக்டர் நெட்வொர்க் அனலைசர் என்ற கருவி அதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். அந்த வரைபடத்தைத்தான் நான் பார்த்த எந்த விளம்பரத்திலும் காணோம்.

செம்பு ஒருவழிப் பாதையாக நடந்துகொண்ட வரலாறு ஒன்று உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1920களில் செம்பின்மேல் செம்பு ஆக்சைடு படலத்தை வளர்த்து, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ரெக்டிஃபயர் செய்தார்கள். பழைய பேட்டரி சார்ஜர்களிலும் அளவுக் கருவிகளிலும் அது பயன்பட்டது. அங்கே மின்னோட்டத்தைத் திசை பிரித்தது உலோகத்துக்கும் ஆக்சைடுக்கும் இடையிலுள்ள எல்லை. அந்த எல்லையைக் குறுக்கே கடந்தால்தான் அவ்விளைவு, கம்பியின் நீளவாக்கில் அல்ல. உங்கள் கேபிளில் உண்மையிலேயே அத்தகைய விளைவு இருக்குமானால், இணைப்பு முனை கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அதற்கு அம்புக்குறி போதாது, வேறு கேபிள்தான் வேண்டும்.

உங்கள் கேபிள் என்னும் கடைசி ஒன்றரை மீட்டருக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பவற்றைப் பற்றி நீட்டிப் பேச விரும்பவில்லை. துணைமின் நிலையத்திலிருந்து வரும் அலுமினியக் கம்பி, சுவருக்குள் எலெக்ட்ரீஷியன் இழுத்த வயர், ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் மின்மாற்றியின் சுற்றுகள் ஆகியவற்றுக்குப் பொதுவாக எவரும் திசை பார்ப்பதில்லை.

நீங்கள் எழுத மறந்த ஓர் உண்மையான திசை இருக்கிறது. ஜெர்மனியின் ஷுக்கோ பிளக்கையும் ஜப்பானின் சாதாரண இரட்டைத் தகடு பிளக்கையும் இரு விதமாகச் செருகலாம்; திருப்பிச் செருகினால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறும். மின்மாற்றியின் முதன்மைச் சுற்றுக்கும் சாதனத்தின் உலோகக் கூட்டுக்கும் இடையே இயல்பாகவே ஒரு சிறு மின்தேக்கம் (கெப்பாசிட்டன்ஸ்) அமைந்துவிடுகிறது; மாறுதிசை மின்னோட்டம் அதன் வழியே சிறிது கசியும். சுற்றின் ஃபேஸ் முனை அந்தக் கூட்டுக்கு அருகில் இருக்கிறதா, நியூட்ரல் முனை இருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கசிவு மின்னோட்டம் கூடும் அல்லது குறையும். அந்த மின்தேக்கம் 1 நானோஃபாரட் என்றால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் கசிவு ஏறக்குறைய 72 மைக்ரோ ஆம்பியர். எர்த் இல்லாத இரு சாதனங்களை ஆர்சிஏ கேபிளால் இணைத்தால், இந்தக் கசிவு அந்தக் கேபிளின் உலோக உறை வழியே பாய்ந்து, சில அமைப்புகளில் மெல்லிய ரீங்காரமாகக் கேட்கவும் கூடும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எவரும் இதைச் சரிபார்க்கலாம், பிளக்கைத் திருப்பிச் செருகினால் போதும், காசு செலவில்லை. பிரிட்டனின் 13 ஆம்பியர் பிளக்கிலும் இந்தியாவின் மூன்று முள் பிளக்கிலும் ஒரே விதமாகத்தான் செருக முடியும் என்பதால் இந்தக் கேள்வி எழுவதில்லை. எழுந்தால் சாக்கெட்டுக்குப் பின்னால் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள், அது பாதுகாப்புக் குறை. இதைப் போலவே, உறையை ஒரு முனையில் மட்டும் எர்த்தோடு இணைத்த சமிக்ஞைக் கேபிளில் அம்புக்குறிக்குத் தெளிவான காரணம் உண்டு. இந்த நல்ல காரணங்களின் நிழலில், காரணம் காட்டப்படாத இன்னொரு கூற்று சத்தமில்லாமல் உள்ளே வந்து அமர்ந்துகொண்டதுதான் எனக்குள்ள வருத்தம்.

கேட்டுப் பார்த்தவர்கள் வேறுபாடு உணர்ந்ததாகச் சொல்கிறார்களே என்பீர்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. எந்தப் பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தாலே கேட்பவரின் மதிப்பீடு மாறிவிடும் என்பதை ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் ஸ்பீக்கர்களை வைத்தே காட்டினார்கள்; அனுபவமுள்ள செவிகளும் அதற்கு விலக்கல்ல. திசையை விடுங்கள், கேபிளையே மாற்றினாலும் என்ன ஆனது? 2004இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி ஆடியோ ஆர்வலர்கள் விலையுயர்ந்த பவர் கார்டையும் சாதாரணக் கார்டையும் மறைத்து வைத்துக் கேட்டபோது, 149 விடைகளில் 73 மட்டுமே சரியாக இருந்தன. நாணயம் சுண்டினாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒரே சுருளிலிருந்து நேராகவும் தலைகீழாகவும் முடித்த இரு கேபிள்களைச் செய்யுங்கள். அவற்றின் நெட்வொர்க் அனலைசர் அளவீட்டையும், ஒரே ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் தெரியும் இரைச்சல் அளவையும் வெளியிடுங்கள். பிறகு, மாற்றிக் கொடுப்பவருக்கும் எது எதுவென்று தெரியாத முறையில், உங்கள் சொந்த நிபுணர்களையே உங்கள் சொந்த அறையில் கேட்க வையுங்கள். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நேரும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு, நானே வியந்து மீண்டும் எழுதுவேன். எத்தனை முறை கேட்கப்போகிறீர்கள் என்பதை முன்னரே அறிவித்துவிடுங்கள். தோற்ற சுற்றுகளை ஒதுக்கிவிட்டு வென்ற சுற்றை மட்டும் காட்டுவது சோதனை ஆகாது. இதற்கு ஆகும் செலவு, ஒரு பக்க விளம்பரத்துக்கு நீங்கள் தருவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் செய்ய மனமில்லை என்றால், எளிய வழி ஒன்று மிச்சமிருக்கிறது: அம்புக்குறி உங்கள் பெயர் அச்சான பக்கத்தைக் காட்டுவதற்கு மட்டுமே என்று பெட்டியின்மேல் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கேபிள்களின் விலைப்பட்டியலை ஒழுங்காகப் படிக்கும் ஒரு வாடிக்கையாளன்