பனிக்கு நடுவுல மாம்பூ

அன்புள்ள அப்பா,

நீங்களும் அம்மாவும் நல்லா இருக்கீங்களா. போன்ல பாதிதான் சொல்ல முடிஞ்சுது, அதான் எழுதறேன். ஒட்டு மாங்கன்னு பூ விட்டிருக்குப்பா! வெளிய முழங்கால் அளவுக்கு பனி கெடக்கு, செடிக்குக் கட்டின பசுமைக்குடிலுக்குள்ள மாம்பூ வாசனை, நேத்து ராத்திரி அங்கேயே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன்.

குடில் எப்படிக் கட்டினேன்னு கேட்டீங்கல்ல, வீட்டோட தெக்குச் சுவத்தை ஒட்டி சாய்ப்பு இறக்கின மாதிரிதான், ஏன்னா குளிர்காலத்துல இங்க சூரியன் தெக்கால தாழ்வாவே ஓடி சீக்கிரம் மறைஞ்சிடும், கிடைக்கிற கொஞ்ச வெயிலும் வீணாகக் கூடாது, சுவர் வழியா வீட்டுச் சூடும் கொஞ்சம் வரும். கண்ணாடி போடல, 10 மில்லிமீட்டர் ரெட்டை அடுக்கு பாலிகார்பனேட்ங்கற கெட்டி பிளாஸ்டிக் ஷீட், நடுவுல காத்து நிக்கறதால குளிர் லேசுல உள்ள ஏறாது. அதுல ஒரு பக்கம்தான் வெயிலைத் தாங்கற பூச்சு இருக்கும், அது வெளிய பாத்து இருக்கணும், நான் ரெண்டு ஷீட்டை மாத்திப் போட்டு திரும்பக் கழட்டி மாட்டினேன்.

பின்சுவர் ஓரமா 200 லிட்டர் டிரம் நாலு, கருப்பு பெயின்ட் அடிச்சு தண்ணி ரொப்பி வச்சிருக்கேன், பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி விடும். அதை மட்டும் நம்ப முடியாது, 12 டிகிரிக்கு இறங்கினா ஹீட்டர் தானா ஓடற மாதிரி தெர்மோஸ்டாட் வச்சிருக்கேன். எனக்கு ரொம்பப் பிடிச்சது மேல் ஜன்னல்தான்ப்பா, அதுல மெழுகு அடைச்ச சிலிண்டர் ஒண்ணு, சூடானா மெழுகு விரிஞ்சு தண்டைத் தள்ளி ஜன்னல் திறந்துக்கும், ஆறினா மூடிக்கும், கரன்ட்டே வேணாம்.

போன வருஷக் கன்னு செத்ததை உங்ககிட்ட சொல்லல. குளிர்தான் கொன்னுடுச்சுன்னு நெனச்சேன், தொட்டியைக் கவுத்துப் பாத்தா வேர் எல்லாம் கருத்து அழுகிக் கெடந்துச்சு. மண்ணு குளிர்ந்து கெடக்கறப்ப வேர் தண்ணியே எடுக்காது, நான் வெயில் காலம் மாதிரியே ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன். விரலை விட்டுப் பாத்துட்டு ஊத்துன்னு நீங்க எத்தனை தடவை சொல்லிருப்பீங்க. ரெண்டு நாள் சாப்பிடவே பிடிக்கல. இப்ப தொட்டியெல்லாம் தரையில படாம பலகை மேல நிக்குது, விரல்ல ஈரம் ஒட்டினா அன்னிக்குத் தண்ணி இல்ல.

கொய்யா நல்லா இருக்கு. பப்பாளி இலையில சிவப்புச் சிலந்திப்பேன் வந்துச்சு, ஹீட்டர் காத்து காஞ்சு போனா அது பெருகிடும், இலைக்கு அடியில தண்ணி பீச்சிப் பீச்சி அடக்கிட்டேன்.

மாம்பூ வரவே ராத்திரி கொஞ்சம் குளிரணுமாம், 15 டிகிரி பக்கத்துல இருந்தா நல்லா பூக்குமாம், நான் பயந்து பயந்து வச்ச குளிரே அதுக்குத் தேவையா இருந்திருக்கு பாருங்க. உள்ள மகரந்தம் சேக்கற ஈ, பூச்சி எதுவும் இல்ல, நானே சின்ன பிரஷ்ஷால பூவுக்குப் பூ தொட்டு விடறேன்.

ஒண்ணு கேக்கணும்ப்பா. கன்னு என் இடுப்பு உயரம்தான் இருக்கு. முதல் பூவைக் கிள்ளிடணும், இல்லன்னா மரம் தேறாதுன்னு நீங்க சொல்வீங்கன்னு தெரியும். எனக்கு மனசே வரல. ஒரே ஒரு காயை மட்டும் விட்டுப் பாக்கட்டுமா? உங்க பதில் வர்ற வரைக்கும் கை வைக்க மாட்டேன்.

உங்கள் அன்பு மகள்