சனிக்கிழமை முதல் ஃப்ரீரென்

வணக்கம் மக்களே. குறுவை அறுப்பு முடிந்து எல்லோரும் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். அதனால் இந்தச் சனி இரவு 9 மணிக்கு ‘ஃப்ரீரென்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரைச் சேர்ந்து பார்க்கத் தொடங்குகிறோம். முதல் சீசன் 28 எபிசோடு. முதல் நான்கையும் ஒரே இரவில் பார்ப்போம். ஜப்பானிலும் 2023 செப்டம்பர் 29 அன்று அவற்றைச் சேர்த்து இரண்டு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாகத்தான் ஒளிபரப்பினார்கள். அப்புறம் வாரம் இரண்டு, அதற்கு மேல் கிடையாது.

சண்டை எப்போது வரும் என்று யாரும் கேட்க வேண்டாம். அரக்க அரசனை வென்று, பத்து ஆண்டுப் பயணம் முடிந்த பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்த நாயகி ஃப்ரீரெனுக்கு அந்தப் பத்து ஆண்டு ஒன்றுமே இல்லை; கூட வந்த மனிதர்களுக்கோ அது இளமை முழுவதும். இரண்டாம் எபிசோடில் ஒரு பூவைத் தேடி மாதக்கணக்கில் ஒரே ஊரில் தங்கிவிடுகிறாள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. இவான் காலின் இசைக்காகவாவது ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

இதன் மூலமான மாங்காவை, அதாவது ஜப்பானிய காமிக்ஸை, படித்தவர்கள் (மன்னார்குடி அண்ணே, உங்களைத்தான்) ஞாயிறு மாலை வரை வாய் திறக்கக் கூடாது. வேகத்தைக் கூட்டி ஓட்டிவிட்டு ‘ஜவ்வு’ என்பவர்களின் கருத்து செல்லாது.

கரண்ட் போனால் குழுவில் ஒரு புள்ளி வையுங்கள், பத்து நிமிடம் நிறுத்திக் காத்திருப்போம். வருகிறவர்கள் வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள்.