பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று இனி யார் சொல்வார்கள்? எங்கள் பண்பலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிலைய நிர்வாகத்தாருக்கும், நிலையத்தை வாங்கப்போவதாகச் சொல்லப்படுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணிக் கரையில் இருக்கும் முக்கூடலில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். பதினான்கு வருடமாக உங்கள் நேயர். என் மிஷின் ஓடுகிற நேரமெல்லாம் உங்கள் நிலையமும் ஓடியிருக்கிறது. நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்ததும் உங்களுக்குப் புரிந்துவிடும், எங்கள் பக்கத்துச் சனங்களுக்கும் புரிந்துவிடும்.

விஷயம் நீங்கள் அறியாதது இல்லை. ஆடி மாதத்திலிருந்து ஒரே பேச்சாகக் கிடக்கிறது. நிலையத்தை விற்றாகிவிட்டது என்கிறார் ஒருவர். பேச்சுவார்த்தைதான் நடக்கிறது என்கிறார் இன்னொருவர். பழைய பாட்டை எல்லாம் எடுத்துவிட்டு இருபத்துநாலு மணி நேரமும் புதுப்பாட்டு மட்டும்தான் போடப்போகிறார்கள் என்று துணி தைக்கக் கொடுக்க வந்த பிள்ளை ஒருத்தி சொன்னாள். நிலையத்துக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அதைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றார். உள்ளே வேலை பார்ப்பவருக்கே தெரியாது என்றால் நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

இதற்கிடையில் புரட்டாசியில் சாயங்கால நிகழ்ச்சி நின்றது. ஐப்பசி பிறந்ததும் காலை நிகழ்ச்சியும் போனது. வழக்கமாகப் பேசும் தம்பியின் குரலுக்குப் பதிலாக, சென்னையில் பதிவு செய்த ஒரு குரல் வர ஆரம்பித்தது. அந்தப் பிள்ளை நன்றாகத்தான் பேசுகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு எங்கள் ஊர் தெரியாது, அவ்வளவுதான்.

போன வாரம் புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

எங்கள் தெருவில் பாதி வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். என் அம்மாவும் அதில்தான் எங்களை வளர்த்தார். மடியில் சுளகு, ஒரு பக்கம் வெட்டி வைத்த இலை, பக்கத்தில் ரேடியோ. இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்ட இரண்டு கையும் வேண்டும், கண்ணும் வேண்டும். மிச்சம் இருப்பது காது ஒன்றுதான். "வாட்ஸ்அப்பில் தகவல் போட்டோமே, பார்க்கவில்லையா" என்று கேட்பவர்கள் ஒரு நாள் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். ஆயிரம் பீடியை எண்ணி முடிக்கும்வரை போனைக் கையில் எடுக்கிற ஆள் எங்கள் தெருவில் கிடையாது.

அப்படிப்பட்ட வீடுகளில் காலை ஏழு மணிக்கு உங்கள் நிலையத்தில் அணை நீர்மட்டம் சொல்வது ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. முழு மட்டம் எவ்வளவு என்பது எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். இன்று எத்தனை அடி, எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு திறக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, தம்பி கடைசியில் நம் பேச்சிலேயே ஒரு வார்த்தை சேர்ப்பார். "எக்கா, இன்னைக்கு ஆத்துப் பக்கம் போவாதீய, தண்ணி கூடுதலாத் தொறந்திருக்காவ." எங்களுக்கு அதுதான் எச்சரிக்கை. அதைக் கேட்டுவிட்டுத்தான் துணி துவைக்கப் போகலாமா, மாட்டை ஆற்றுக்குக் கொண்டு போகலாமா என்று முடிவு செய்வோம்.

புதன்கிழமை காலை என் அத்தை ரேடியோவைப் போட்டுவிட்டு ஏழு மணிக்காகக் காத்திருந்தார். அறுபத்தேழு வயது, முழங்கால் வலி. கத்திப்பாராவில் வண்டிகள் மெதுவாக நகர்கின்றன என்று ரேடியோ சொன்னது. மெரினாவில் இதமான காற்று வீசுகிறது என்றும் சொன்னது. அத்தை பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "ஒண்ணும் சொல்லலியே, அப்போ பயமில்லை" என்று துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு படித்துறைக்குப் போய்விட்டார்.

முந்தின நாள் சாயங்காலமே ஆட்டோவில் மைக் கட்டி மெயின் ரோட்டில் சொல்லிக்கொண்டு போனார்களாம். எங்கள் தெரு கடைசித் தெரு, கேட்கவில்லை. அத்தை கடைசிப் படியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது தண்ணீர் இரண்டு படி ஏறியிருக்கிறது. அவர் கவனிக்கவில்லை. மேலே நின்ற ஆட்டுக்காரப் பையன் கத்தியிருக்கிறான். எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவனும் இன்னொரு அண்ணாச்சியுமாக இறங்கிக் கையைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். வாளி போனது, துணி போனது, காலில் இருந்த செருப்பும் போனது. உயிர் இருக்கிறது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் அவர் முதலில் கேட்டது: "ரேடியோல ஏன் சொல்லல?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் வைக்கிறேன்.

நீங்கள் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. விளம்பர வருமானம் குறைந்திருக்கும், செலவு கூடியிருக்கும். ஒரு நிறுவனம் விற்கப்படுவதும் வாங்கப்படுவதும் உலகத்தில் நடக்கிற காரியம்தான். பிக் எஃப்எம்மை நடத்திய ரிலையன்ஸ் பிராட்காஸ்ட் நெட்வொர்க் கடனில் சிக்கித் திவால் நடைமுறைக்குப் போய், 2024இல் சபையர் மீடியாவின் கைக்குப் போனதை நாங்களும் படித்தோம். 2015 ஏப்ரலில் தொடங்கிய தனியார் பண்பலைகளின் பதினைந்து வருட உரிமங்கள் 2030 மார்ச்சில் முடிகின்றன என்பதும் தெரியும். அதற்கு முன்னால் யார் இருப்பது, யார் விலகுவது என்று கணக்குப் பார்ப்பீர்கள். அதில் தலையிட நான் யார்? விற்பதாக இருந்தால் விற்றுக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எங்கள் நிலையத்தில், எங்கள் ஊரில் இருந்துகொண்டு, எங்கள் ஊர் தெரிந்த ஒருவர் தினமும் நேரலையில் பேச வேண்டும். காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர். மழைக்காலத்தில் இரவிலும் ஒருவர். மிச்ச நேரத்துக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் பாட்டுப் போடுங்கள், புதுசு போடுங்கள், பழசு போடுங்கள், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

"எங்களுக்குச் செய்தி சொல்ல அனுமதி இல்லை" என்று சொல்வீர்களோ என்று நினைத்து, தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் தனியார் பண்பலைகளுக்காக மத்திய அரசு 2011இல் கொண்டுவந்த மூன்றாம் கட்டக் கொள்கையிலேயே இதற்கு வழி இருக்கிறது. வானிலை, போக்குவரத்து, திருவிழா, தேர்வு முடிவு, மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்பு, இவையெல்லாம் செய்தியில் சேராது, தாராளமாகச் சொல்லலாம். அணையில் தண்ணீர் திறக்கிறார்கள், ஆற்றில் இறங்காதீர்கள் என்பதைச் சொல்ல எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை. அதே கொள்கைதான் ஒரு நிறுவனம் தன் நிலையங்களுக்குள் நாடு முழுக்க நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளவும் இடம் கொடுத்தது. அந்த வசதியைப் பிடித்துக்கொண்ட நீங்கள் இந்தக் கடமையை மட்டும் ஏன் கைவிட்டீர்கள்?

எங்களுக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது நாங்கள் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து கலங்கினோம். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 17ஆம் தேதி மழை எங்கள் பக்கம் பிடித்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. திருநெல்வேலியில் ஜங்ஷன் பஸ் நிலையம் தண்ணீருக்குள், கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளும் தண்ணீர். எங்கள் தெருவில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் போனில் சார்ஜும் போனது. பேட்டரி போட்ட ரேடியோ மூன்று வீட்டில்தான் இருந்தது. அன்றைக்கு உங்கள் தம்பி தூக்கமில்லாமல், தொண்டை கட்டிப்போன குரலில் பேசிக்கொண்டே இருந்தார். எந்தப் பாலத்தில் போகக் கூடாது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க இடம் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த இரவில் எங்களுக்கு வெளியிலிருந்து வந்த ஒரே மனுசக் குரல் அவருடையதுதான். அந்தத் தம்பியை இப்போது எங்கே அனுப்பினீர்கள்? வேலையில் இருக்கிறாரா, இல்லையா? அதையாவது எங்களுக்குச் சொல்லக் கூடாதா?

சென்னையிலிருந்து பார்த்தால் திருநெல்வேலி ஒரு புள்ளியாகத்தான் தெரியும் போல. பெரிய ஆஸ்பத்திரி அங்கே, பெரிய வேலை அங்கே, மழை என்றால் முதலில் அங்கத்து மழைதான் பேச்சு. சரி, எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் எங்கள் காற்றில் வருகிற எங்கள் ரேடியோவும் கத்திப்பாராவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எங்கள் ஆற்றைப் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள்? வானலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லியிருக்கிறது. கட்டடமும் கருவியும் உங்களுடையவை, மறுக்கவில்லை. அவற்றை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அந்த அலைவரிசையை உங்களிடம் கொடுத்து வைத்திருப்பது இந்த ஊருக்காகவும்தானே?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேனோ தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் பணிவாகவே கேட்கிறேன்.

முதலில், பேசுங்கள். 2021 ஜனவரியில் அகில இந்திய வானொலி நிலையங்களை மூடப்போகிறார்கள் என்று நாடெங்கும் பேச்சு கிளம்பியபோது, எந்த நிலையத்தையும் மூடவில்லை, தரம் குறைக்கவும் இல்லை என்று அவற்றை நடத்தும் பிரசார் பாரதி வெளிப்படையாக மறுப்பு விட்டது. அவ்வளவு பெரிய அமைப்பு வாய் திறந்தது. நீங்களும் திறக்கலாம். விற்றாகிவிட்டது என்றால் அதைச் சொல்லுங்கள், விற்கவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். உங்கள் மௌனத்தால்தான் தெருவுக்கு ஒரு கதை முளைக்கிறது.

அப்புறம், வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தது. தனியார் பண்பலைகளுக்கு மணிக்குப் பத்து நிமிடம் செய்தி சொல்ல அனுமதி தரலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் பரிந்துரைத்தது. நாளைக்கு அந்த அனுமதி வந்தால், ஊருக்குள் ஆள் வைத்திருக்கிற நிலையத்தைத்தான் சனங்கள் திருப்பி வைத்துக் கேட்பார்கள். இருக்கிற ஆட்களை இன்றைக்கு வெளியே அனுப்பிவிட்டால், அன்றைக்கு சேரன்மாதேவிக்கும் ஆலங்குளத்துக்கும் வழி தெரிந்தவர்களை எங்கே போய்த் தேடுவீர்கள்? இது உங்கள் வியாபாரத்துக்கும் நல்லதுதான். எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் விளம்பரம் கொடுப்பது எங்கள் காதை நம்பித்தான்.

இன்னும் மார்கழி வரை மழை இருக்கிறது. பெரிய முடிவுகளை எடுக்க உங்களுக்கு நாள் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை காத்திருக்க முடியாத ஒரு காரியத்தை மட்டும் உடனே செய்து கொடுங்கள். நாளைக் காலையிலிருந்தே ஏழு மணிக்கு ஒரு மூன்று நிமிடம் சென்னைக் குரலை நிறுத்திவிட்டு, நிலையத்தில் இருக்கிற யாராவது மைக் முன்னால் வந்து அணை நீர்மட்டத்தைச் சொல்லட்டும். பழைய தம்பியாக இருந்தால் மிகவும் சந்தோஷம். வேறு யாராக இருந்தாலும் சரி, ஊர் தெரிந்தவராக இருக்கட்டும்.

அத்தை இன்னும் ஏழு மணிக்கு ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்பதில்லை. "சொல்லுவாவ, இரு" என்கிறார்.

இப்படிக்கு,
முக்கூடலிலிருந்து உங்கள் பதினான்கு வருட நேயர்