ரங்கசாமி மலையின் பூசாரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் நீலகிரியின் கோடநாடு காட்சிமுனை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மாயாறு பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா, பவானிசாகர் எல்லாம் சரியாகச் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து தெரியும் ரங்கசாமி மலைக்கு மட்டும் ‘படம் எடுக்க அருமையான பின்னணி’ என்று ஒரே வரி. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

கோத்தகிரி - கோடநாடு தடத்தில் பல வருஷம் நடத்துநராக இருந்தவன் நான். ஒருநாள் காலை வளைவு திரும்பியதும் மேகம் விலகி மலை தெரிந்தது. வழக்கமாக வரும் இருளர் பாட்டி, மடியில் இருந்த தேன் டின்னைக் காலுக்கிடையில் இறக்கி வைத்துவிட்டு, சில்லறை மூடிய கையோடு அப்படியே கும்பிட்டார். “அங்க என்ன பாட்டி?” என்றேன். “சாமி பொண்டாட்டிகிட்ட கோவிச்சுக்கிட்டு வந்து உக்காந்த எடம்” என்றார்.

கீழே சமவெளியில் இருக்கிற காரமடை ரங்கநாதர்தான் அந்தச் சாமி. மலைக்குக் கீழே பாறையில் அவர் பாதம் பதிந்திருப்பதாகச் சொல்வார்கள். 1908-இல் வந்த நீலகிரி கெசட்டியர் என்ற மாவட்ட விவர நூலிலும் இந்தக் கதை உண்டு. உச்சியில் கல்சுவர் வைத்த இரண்டு அடைப்புகள், சாமிக்கு ஒரு கல், அம்மனுக்கு ஒரு கல் என்று எழுதியிருக்கிறது. கோபித்துக்கொண்டு தனியே வந்த சாமிக்குப் பக்கத்திலேயே அம்மனுக்கும் இடம் கொடுத்த மனசை நினைத்தால் எனக்கு நெகிழ்ந்துவிடும். திருவிழா நாளைக் குறிப்பது படுகர்கள். பூசை செய்வது பரம்பரையாக இருளர். சுனையில் குளித்துவிட்டு “கோவிந்தா” என்று முழங்கியபடி பூசாரி ஏறுவார். படுகர், இருளர், குறும்பர் எல்லாரும் சூழ்ந்து நிற்க, சங்கு ஊதிப் பூசை நடக்கும். ராத்திரி கல்தொட்டிகளில் நெய் ஊற்றிக் கொளுத்தினால் பல மைல் தூரத்துக்குத் தெரியுமாம்.

காரமடைத் தேருக்கு இறங்கிப் போகிற சிரமத்துக்குப் பயந்து மலைமக்கள் கட்டிய கதையாக இருக்கலாம் என்றும் அதே கெசட்டியர் சொல்கிறது. இதை நான் ஏற்க மாட்டேன். அது 5,855 அடி உயர மலை. அந்தச் சரிவில் பாதி தூரம் ஏறி, மூச்சு வாங்கித் திரும்பியவன் நான். சிரமத்துக்குப் பயந்தவர்கள் சாமியை அங்கே கொண்டுபோய் வைப்பார்களா?

அடுத்த முறை எழுதும்போது, அங்கே பூசாரி இருளர் என்ற ஒரு வரியாவது சேருங்கள். நிருபர் வந்தால், காட்சிமுனையோடு திரும்பிவிடாமல் இருளர் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னபடியே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
கோத்தகிரி.