மீட்டரே இல்லாத வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்: வாடிக்கையாளர், தண்டையார்பேட்டை, சென்னை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 250 சிசி மோட்டோகிராஸ் வண்டி, தவறான சர்வீஸால் இன்ஜின் பழுதானது குறித்து.

ஐயா / அம்மா, வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் மோட்டோகிராஸ் வண்டியை, அதாவது மண் டிராக்கில் ஓட்டும் போட்டி வண்டியை, எங்கள் பகுதி டீலரிடம் முழுப் பணம் கட்டி வாங்கினேன். இப்போது அது இன்ஜின் பிரித்த நிலையில் கிடக்கிறது. உங்கள் டீலர் செய்த சர்வீஸ்தான் காரணம்.

இந்த வண்டிக்கு ஹெட்லைட், இண்டிகேட்டர், ஸ்பீடோமீட்டர் எதுவும் கிடையாது. ரோட்டில் ஓட்ட முடியாது. பயிற்சிக்கே குட்டி யானையில் ஏற்றித்தான் மணலி பக்கம் கொண்டுபோகிறேன். ஆயில், பிஸ்டன் எல்லாம் ஓடிய மணிக் கணக்கில் மாற்ற வேண்டியவை. டீலர் கொடுத்ததோ தினமும் ஆபீஸ் போகிற பைக்குக்கான சர்வீஸ் புத்தகம். கவுன்டரில் இருந்த தம்பி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு சார்?" என்று கேட்டார். மீட்டரே இல்லையே தம்பி என்றேன். ஹேண்டில்பாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தோராயமாக ஒரு எண்ணை அவரே எழுதிக்கொண்டார்.

சரி, அதைச் சிரித்துவிட்டு விடலாம். ஏர் ஃபில்டரை அப்படி விட முடியாது. இதில் இருப்பது பேப்பர் ஃபில்டர் அல்ல, ஃபோம். கழுவி, உலர்த்தி, பிசுபிசுப்பான ஃபில்டர் ஆயிலில் ஊறவைத்து, பிழிந்து மாட்ட வேண்டும். தூசியைப் பிடிப்பதே அந்த ஆயில்தான். சர்வீஸ் முடிந்து வந்த வண்டி அடுத்த பயிற்சியிலேயே இழுவை குறைந்து புகைய ஆரம்பித்தது. சீட்டைக் கழற்றிப் பார்த்தால் ஃபோம் காய்ந்த ரொட்டி மாதிரி இருந்தது. இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் ரப்பருக்குள் விரலை விட்டுத் தடவினேன், நறநறவென்று மண். எங்கள் ஏரியா மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தபோது சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கீறல்கள், பிஸ்டனிலும் அதே கோலம்.

இதைக் காட்டியதற்கு உங்கள் டீலர் சொன்ன பதில்: "மண்ணில் ஓட்டினால் இப்படித்தான் ஆகும்." மண்ணில் ஓட்டாமல் எங்கே ஓட்டுவது? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலா?

அந்த ஷோரூம் சுவர் முழுக்க உங்கள் ஆஃப்-ரோடு பாரம்பரியம்தான் தொங்குகிறது. சேற்றில் பறக்கும் வண்டிகள், கறுப்பு வெள்ளைப் படங்கள். எங்களுக்கும் ரேஸ் புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990இல் வருவதற்கு முன்பு, சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸுக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். 1973இல் சுவீடன் வீரர் ஹோகன் ஆண்டர்சன் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றது பின்பக்கம் ஒற்றை ஷாக் அப்சார்பர் வைத்த யமஹாவில். அது உங்கள் போட்டியாளரின் கதை, தெரிந்தேதான் சொல்கிறேன். மோட்டோகிராஸில் இன்ஜின் அளவுக்கு சஸ்பென்ஷனும் முக்கியம் என்று அன்றே தெரிந்துவிட்டது. நான் உட்கார்ந்தால் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து ஸ்பிரிங்கைச் சரிசெய்யுங்கள் என்று டெலிவரி அன்று கேட்டேன். "எல்லாம் கம்பெனி செட்டிங் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். அளவு நாடாவைக்கூட எடுக்கவில்லை.

நான் வாரண்டி கேட்கவில்லை. போட்டி வண்டிக்கு அது பெரிதாக இருக்காது என்பது தெரியும். இது சேவைக் குறைபாடு. எனவே பிஸ்டன், ரிங், சிலிண்டர் மூன்றையும் உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். அந்த வேலையை மோட்டோகிராஸ் வண்டி தெரிந்த மெக்கானிக் செய்ய வேண்டும். மறுபடி அதே இடத்தில் விட மாட்டேன். அப்புறம், மணிக் கணக்கில் எழுதிய சர்வீஸ் அட்டவணை ஒன்றும் வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில், ஜாப் கார்டு நகல்கள், படங்கள் இணைத்துள்ளேன். கீறல் விழுந்த பிஸ்டனையும் அந்த ஃபோமையும் கழுவாமல் அப்படியே வைத்திருக்கிறேன்; உங்கள் ஆள் வந்தால் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாடிக்கையாளர்